ஊதியமும் ஊரும்

கல்லூரி விட்டு உத்தியோகம் பெற்றால் எவ்வூரில் வாழ்வது என்னும் வினா எம்மனைய மாணவர் விடுதியில் அடிக்கடி எழுவதொன்று. சென்னையே என்பார் பலர். அதே சம்பளம் நாகர்கோயிலிற் கிடைப்பின் அரசரைப்போல் வாழலாம் என்பார் சிலர். தமிழ் பயிலும் யாம் கணக்கிற் புகுவது துணிவேயாயினும், இவ்வழக்கைச் சிறிது ஆராயத் தலைப்பட்டோம்.

மத்திய அரசாங்க ஊழியர் நிலையை எடுத்துக்கொள்வோம். ஏழாவது சம்பளக் குழுவின் பரிந்துரைப்படி, 2016 முதல் உயர்தர உத்தியோகத்திற் புகுவோர்க்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயாயிற்று. தில்லியாயினும் திண்டுக்கல்லாயினும் இத்தொகை ஒன்றே. வேற்றுமை பெரிதும் வீட்டு வாடகைப்படியிலேயே தோன்றும். 50 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்கள் முதல் வகுப்பு. 5 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை உள்ளவை இரண்டாம் வகுப்பு. ஏனைய மூன்றாம் வகுப்பு. 2024 ஜனவரியில் இவற்றுக்குரிய படி முறையே நூற்றுக்கு 30, 20, 10 என உயர்ந்தது. அவ்வீதப்படி சென்னையில் 16,830 ரூபாய் பெறுபவர் நாகர்கோயிலில் 5,610 ரூபாயே பெறுவர். இடைநின்ற 11,220 ரூபாயே இவ்விரண்டு ஊர்கட்கும் உள்ள வேற்றுமை என்பது அரசாங்கத்தின் கணக்குப் போலும்.

அகவிலைப்படியோ எங்கும் ஒரே வீதம். அது தொழிலாளர்க்கான அகில இந்திய விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பற்றி நிற்பது. 2016ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட எண்வரிசை 88 மையங்களின் விலைகளைத் திரட்டி அமைக்கப்பட்டது. இங்கே ஒரு மயக்கம் நேர்தல் உண்டு. யாமும் அதில் வீழ்ந்தெழுந்தோம். மதுரையின் எண் சென்னையின் எண்ணினும் மிகுந்திருப்பின், மதுரையே விலை மிக்க ஊர் என்று கருதலாகாது. ஒவ்வோர் ஊரும் தன் பழைய விலையினின்று எவ்வளவு ஏறிற்று என்பதையே அவ்வெண் காட்டும்; ஓரூரை மற்றோரூரோடு நிறுத்துக் காட்டாது.

நிற்க. ஓரூரிற் பணம் நெடிது செல்லுதற்குக் காரணம் என்னை? விலைக்கு வருவனவற்றுட் சில ஊர்விட்டு ஊர் செல்லும், சில செல்லா. கைபேசியும் மாத்திரையும் சோப்பும் இரயிலேறி எங்கும் போகும். உறைமேல் அச்சிட்ட விலையும் உடன் போகும். பொன்னின் விலையும் ஊர்தோறும் ஏறத்தாழ ஒன்றே. மனை, வீடு, தையற்கூலி, முடிதிருத்தும் கூலி என்பனவோ பிறந்த ஊரிலேயே கிடப்பன. சென்னைக் கத்தரி நாகர்கோயிற் கத்தரியினும் விரைந்து ஓடுவதன்று. ஆயினும் கூலி மிகுதி. கடை வாடகை அதற்கு ஒரு காரணம். அந்நகரிற் பிற தொழில்கள் மிக்க ஊதியம் தருதலின், அதற்கேற்ற கூலி கிடையாதேல் கத்தரி பிடிக்க ஆளிரார் என்பது மற்றொன்று.

இரண்டாவதாகக் கூறிய காரணத்தை நாடுகட்கிடையே பொருத்தி, பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் 1964இல் தனித்தனியே விளக்கினர். 2011ஆம் ஆண்டிற்கு நிகழ்ந்த உலக விலை ஒப்பீட்டின்படி, நாணயச் சந்தையில் ஓர் அமெரிக்க டாலர் ஏறக்குறைய 47 ரூபாய். அந்நாட்டில் ஒரு டாலர் வாங்கியதை இந்நாட்டில் வாங்கவோ ஏறக்குறைய 15 ரூபாயே போதியதாயிற்று. கேட்குங்கால் உள்ளம் குளிரும். ஆயின் அமெரிக்க இயந்திரமொன்றை வாங்கப் புகுந்தார்க்கு 47 ரூபாய்க் கணக்கே நின்றது.

ஈண்டு எம் மகிழ்ச்சி குன்றியது. நல்ல சம்பளம் வாங்குவோர் சிறு நகரில் சமையலுக்கு ஆள் வைத்து வாழ்கின்றாரெனின், அவ்வாளின் சம்பளம் குறுகியிருத்தலாலன்றோ இவர் சம்பளம் நீள்கின்றது? மலிவு என்று நாம் மகிழ்வதிற் பெரும்பகுதி பிறருடைய வருமானமே. அரசரைப்போல் வாழலாம் என்ற தோழரிடம் இதனைக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "மனையும் மலிவன்றோ?" என்றார். அது மறுத்தற்கில்லை. ஆயினும் மலிந்த ஊரிற் சேர்த்த பணம் அவ்வூரிலேயே செலவழியுங்காறும் பெரிது. மகனைச் சென்னைக் கல்லூரிக்கு அனுப்பும் நாளில் அது சுருங்கிவிடும்.

உத்தியோகஸ்தர் அச்சுருக்கத்தைத் தாங்குவர். அவருக்கு முடிதிருத்தியவர் தாங்குவாரோ? இரத்த அழுத்தத்திற்கு ஒரே மாத்திரை உண்ணும் முதியவர் இருவர், ஒருவர் சென்னையிலும் மற்றவர் நாகர்கோயிலிலும் கத்தரி பிடிப்பவராயின், மருந்துக்கடையில் இருவரும் நீட்டும் தொகை ஒன்றே. நாகர்கோயிலார் அதற்கு இரண்டொரு தலைகள் கூடுதலாகத் திருத்தியாக வேண்டும்.