புலி தெரியாத காட்டில் என்ன பார்க்கலாம்?

அடுத்த பள்ளி விடுமுறைக்குத் தாமான் நெகாரா போகலாம் என்று திட்டமிடுகிறீர்களா? "அங்கே புலி இருக்குமா?" என்பதுதான் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். இருக்கிறது. ஆனால் அது உங்கள் கண்ணில் படும் என்று எதிர்பார்க்காதீர்கள். யானையும் தாப்பிரும்கூடப் பெரும்பாலோருக்குத் தென்படுவதில்லை. "இவ்வளவு தூரம் வந்து அட்டைக்கடிதான் மிச்சம்" என்று சலித்துக்கொண்டு திரும்புவோரும் உண்டு.

மழைக்காடு விலங்குத் தோட்டம் அன்று. எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றத்துக்கு இடமிருக்காது.

பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரவியுள்ள தாமான் நெகாராவின் பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. ஜெராண்டுட் வழியாகக் கோலா தாஹான் சென்று சேர்வதே பலரும் தேர்ந்தெடுக்கும் வழி. அங்கே நீங்கள் செய்யக்கூடியவை சிலவற்றைப் பார்ப்போம்.

தலையை உயர்த்துங்கள்

காட்டுக்குள் நுழைந்ததும் இருட்டாக இருக்கிறதே என்று தோன்றும். உச்சியில் விழும் சூரிய ஒளியில் 2 விழுக்காடு அளவே தரையை எட்டுகிறது. இலை, பூ, கனி எல்லாம் மேலே இருப்பதால், அவற்றைத் தின்னும் உயிர்களும் மேலேதான் வாழ்கின்றன. கீழே நடப்பவர் காட்டின் அடித்தளத்தை மட்டுமே பார்க்கிறார்.

அதனால்தான் மரங்களுக்கிடையே ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்ட தொங்குபாலம் முக்கியமானது. பராமரிப்புக்காக மூடப்படுவதுண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து துவாலாங் மரத்தைத் தேடுங்கள். 80 மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய அதன் கிளைகளில் பெருந்தேனீக்கள் கூடு கட்டும். வழுவழுப்பான அடிமரத்தில் தேன் தேடும் சூரியக் கரடியாலும் எளிதில் ஏற முடியாது.

இரவில் விளக்கை அணையுங்கள்

வழிகாட்டியுடன் இரவு நடைக்குச் செல்லுங்கள். அவர் புறஊதா விளக்கைக் காட்டினால், மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் கருந்தேள் நீலப்பச்சையாக ஒளிரும். அதன் ஓட்டிலுள்ள வேதிப்பொருள்கள் புறஊதாக் கதிரை உள்வாங்கி, நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுகின்றன. பிறகு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும், மட்கும் கட்டையில் வளரும் சிலவகைக் காளான்கள் மங்கலாக ஒளிர்வதைக் காணும் வாய்ப்பு உண்டு.

மறைந்திருந்து காத்திருங்கள்

காட்டுக்குள் 'பும்புன்' எனப்படும் மறைவுக்குடில்கள் உள்ளன. விலங்குகள் வந்து மண்ணை நக்கும் உப்புநிலங்களைப் பார்த்தபடி அவை கட்டப்பட்டுள்ளன. ஓயாத மழை மண்ணிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. செடிகொடிகளிலும் சோடியம் மிகக் குறைவு. ஆகவே மான், தாப்பிர், காட்டெருமை போன்றவை உப்பைத் தேடி இங்கே வருகின்றன. இரவு தங்க விரும்பினால் முன்பதிவு செய்யுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம்; பேச்சும் வேண்டாம்.

அட்டையை வெறுக்காதீர்கள்

அட்டை உங்கள் காலடி அதிர்வையும் உடல் சூட்டையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்து வருகிறது. கடிக்கும்போது, இரத்தத்தை உறையவிடாத ஒரு புரதத்தைச் செலுத்துகிறது. அது விழுந்த பிறகும் இரத்தம் கசிவது இதனால்தான். பிடுங்கி எறியாமல், அதன் வாய்ப்பகுதியை நகத்தால் மெல்ல நகர்த்தி எடுத்துவிட்டு, காயத்தைக் கழுவி அழுத்திப் பிடியுங்கள்.

ஆய்வாளர்களுக்கு இதே அட்டை நண்பன். அது குடித்த இரத்தத்தின் மரபணு மாதக்கணக்கில் அதன் உடலுக்குள் இருக்கும். வியட்நாம் காட்டில் பிடித்த அட்டைகளிலிருந்து, அரிதாகவே தென்படும் ஒருவகை வரிமுயலின் மரபணு கிடைத்ததாக 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. கண்ணில் படாத விலங்கை அட்டை காட்டிக்கொடுத்தது.

காட்டை அறிந்தவர்களிடம் கேளுங்கள்

இங்கு வாழும் பாத்தேக் பூர்வகுடியினர் பிரம்பை உரசித் தீ மூட்டுவதையும் ஊதுகுழல் அம்பையும் பயணிகளுக்குக் காட்டுவதுண்டு. அம்பு நுனியில் தடவப்படுவது இதயத் துடிப்பைக் குலைக்கும் ஈப்போ மரத்தின் பால். பேராக்கின் தலைநகருக்குப் பெயர் தந்த மரமும் இதுதான். அவர்கள் காட்சிப்பொருள் அல்லர். அனுமதி கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

புலிக்காக ஒரு நடை

இனி புலிக்கு வருவோம். 1950-களில் மலாயாப் புலிகள் ஏறத்தாழ 3,000 இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, எஞ்சியவை 150-க்கும் குறைவு. காடழிப்பு ஒரு காரணம். கம்பியால் செய்த சுருக்குக் கண்ணி மற்றொன்று. காட்டுப்பன்றிக்கோ மானுக்கோ வைத்த கண்ணியில் புலியும் சிக்கும்.

இதில் சுற்றுப்பயணிகளுக்கும் பங்கு உண்டு. மெராப்போவுக்கு அருகிலுள்ள சுங்கை யூ பகுதி, தாமான் நெகாராவையும் தித்திவங்சா மலைத்தொடரையும் இணைக்கும் காட்டுவழி. விலங்குகள் அடியில் கடந்து செல்வதற்காக அங்கே நெடுஞ்சாலை பாலமாக உயர்த்தப்பட்டுள்ளது. 'மைகேட்' எனும் மலேசியப் புலிப் பாதுகாப்புக் கூட்டணி, அப்பகுதியில் பொதுமக்களைக் காட்டு நடைக்கு அழைத்துச் சென்றுள்ளது. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கண்ணி வைக்கக் கள்ளவேட்டைக்காரர்கள் தயங்குவார்கள். நல்ல நோக்கத்துடன் நடக்கும் உங்கள் கால்களே காவல்.

நடையில் கலந்துகொள்ள முடியாவிட்டாலும் இரண்டு காரியங்கள் உங்களால் முடியும். காட்டில் கண்ணியைக் கண்டால், அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் தெரிவியுங்கள். வழியில் எந்தக் கடையிலாவது காட்டுக்கறி கிடைக்கும் என்றால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்த முறை "புலியைப் பார்த்தாயா?" என்று யாராவது உங்கள் பிள்ளையிடம் கேட்டால், "இல்லை. ஆனால் அது அங்கே இருக்கிறது" என்று சொல்லட்டும். அந்தப் பதில் இன்னும் பல ஆண்டுகளுக்கு உண்மையாக இருக்க வேண்டும்.