நள்ளிரவில் அஞ்சி எழும் காக்கட்டீல்

நகரக் குடியிருப்புகளில் கூண்டுப் பறவை வளர்ப்போர் பலரும் இன்று விரும்பி வாங்குவது காக்கட்டீல் என்னும் கொண்டைக் கிளியாகும். கடைவீதியில் இதனைக் 'காக்டெயில்' என்றே சொல்லி விற்பார்கள். பானத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட காக்கட்டீலுக்கு அத்தடை இல்லை. காக்கட்டூ குடும்பத்தில் மிகச் சிறியது இதுவே. நீளம் சுமார் ஓர் அடி. எடை பெரும்பாலும் 80 முதல் 100 கிராம் வரை. நன்கு பேணினால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

பகலில் சீட்டியடித்தும் தோளில் அமர்ந்தும் வீட்டாரோடு ஒன்றிவிடும் இப்பறவையிடம், புதிதாக வாங்கியோர் எதிர்பாராத இயல்பொன்று உண்டு. வீடு அடங்கி அனைவரும் உறங்கிய பின்னர், காரணம் ஏதும் புலப்படாமலே, சிறகுகள் படபடவென்று கம்பிகளில் மோதும் ஓசை எழும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பறவை கூண்டின் அடித்தட்டில் மூச்சிரைக்க நிற்கும். சுற்றிலும் இறகுகள் உதிர்ந்து கிடக்கும்; சில வேளைகளில் குருதித் துளிகளும் தென்படும். பறவை வளர்ப்போர் இதனை 'இரவு அச்சம்' என்பர். ஏனைய கிளிகளைக் காட்டிலும் காக்கட்டீல்களிடம் இது மிகுதி. அவற்றுள்ளும் வெண்மஞ்சள் நிறமும் சிவந்த கண்களும் உடைய லுட்டினோ வகையே அதிகம் அஞ்சுகிறது என்பது வளர்ப்போரின் அனுபவம். இதனை வலிப்பு நோய் என்று எண்ணிக் கலங்குவோர் உண்டு. வீட்டில் ஏதோ நடமாடுகிறது என்று அஞ்சுவோரும் உண்டு. இரண்டும் தேவையற்ற கலக்கங்கள்.

காரணத்தை அறிய, அதன் பூர்விக வாழ்வைப் பார்க்க வேண்டும். திறந்த வெளியில் காக்கட்டீல்கள் மரக்கிளைகளில் கூட்டமாக அமர்ந்து உறங்குகின்றன. ஒன்று திடுக்கிட்டு எழுந்தால் போதும். என்ன ஏதென்று ஆராய்ந்து நிற்காமல் கூட்டம் முழுவதும் மேல்நோக்கிப் பறந்துவிடும். ஆராய்ந்து நிற்பது வேட்டை விலங்கிற்கு இரையாகும் பறவை. வான்வெளியில் உயிர்காக்கும் இவ்வுணர்வே இரண்டடிக் கூண்டுக்குள் உயிருக்கு ஆபத்தாகிறது. காக்கட்டீல் பகற்பறவை, இருளில் அதன் பார்வை மிகக் குறைவு. கம்பி எங்கே, கிளை எங்கே என்று தெரியாமல் மோதுகிறது. மோதிய ஓசையால் மேலும் மிரண்டு மீண்டும் மோதுகிறது.

நமக்குக் கேளாத ஒன்று அதற்கு எவ்வாறு தெரிகிறது என்று கேட்கலாம். பறவைகளின் கால்களில் மிக நுண்ணிய அதிர்வையும் உணரவல்ல நரம்பு உறுப்புகள் அமைந்துள்ளன. அமர்ந்திருக்கும் குச்சியின் வழியே தெருவில் செல்லும் சரக்குந்தின் அதிர்வும், விடியலுக்கு முன் அடுக்குமாடியில் ஓடத் தொடங்கும் நீரேற்று மோட்டாரின் அதிர்வும் அதனை எட்டுகின்றன. இவையன்றி நம் வீடுகளுக்கே உரிய காரணங்கள் வேறு உள்ளன: கூண்டின் மேல் ஊரும் பல்லி, சிந்திய தினையைத் தேடி வரும் எலியும் கரப்பானும், பால்கனிச் சுவரில் நடக்கும் பூனை, சன்னல் வழியே அறையைக் கடந்து செல்லும் வாகன விளக்கின் ஒளி. மின்வெட்டும் ஒரு காரணமே. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்று, இரவு விளக்கும் அணைந்து, திடீரென அமைதியும் இருளும் சேர்ந்து வரும்போது பறவை விழித்துக்கொள்கிறது.

அத்தகைய இரவில் முதலில் செய்ய வேண்டியது கூண்டின் அருகே ஓடுவதன்று. அறை விளக்கைப் போட வேண்டும். கைவிளக்கின் ஒளியைப் பறவையின் முகத்தில் பாய்ச்சக் கூடாது. அடுத்து மின்விசிறியை நிறுத்த வேண்டும். பதற்றத்தில் கூண்டுக் கதவைத் திறந்து, வெளியே பாய்ந்த பறவை சுழலும் விசிறியில் சிக்க நேர்ந்தால், அச்சத்தால் விளைந்த கீறலைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய கேடு நேரும். பின்னர், சற்றுத் தொலைவில் நின்று, நாள்தோறும் அழைக்கும் பெயரைச் சொல்லித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருத்தல் போதும். பழகிய குரல் அதற்கு ஆறுதல் தரும். கையை உள்ளே நுழைத்தால், எவ்வளவு பழகிய கையாயினும், அந்நேரத்தில் அது பகையாகவே தோன்றும்.

கொண்டையைக் கவனித்தால் பறவையின் மனநிலை விளங்கும். குத்திட்டு நிமிர்ந்திருந்தால் அச்சம் இன்னும் நீங்கவில்லை. தலையோடு ஒட்டிக்கொண்டு சீறினால் அணுகாதே என்று பொருள். சற்றே சாய்ந்து தளர்ந்தால் அமைதி திரும்புகிறது. தானாகவே ஏறிக் கிளையில் அமரும் வரை பொறுத்திருந்து, அதன் பிறகு சிறகு, கால், மூக்கடி ஆகியவற்றைக் கண்ணால் சோதிக்கலாம். ஒரு சிறகு தொங்கினாலோ, ஒரு காலை ஊன்றாமலே நின்றாலோ, காலையில் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

குருதி வழிந்தால் அதுவரை காத்திருத்தல் இயலாது. வளர்ந்துகொண்டிருக்கும் புது இறகின் தண்டுக்குள் குருதி ஓடிக்கொண்டிருக்கும். மோதலில் அது முறிந்தால், திறந்த குழாயிலிருந்து போல் கசியும். 90 கிராம் எடையுள்ள பறவையின் உடலில் உள்ள மொத்தக் குருதியே ஏறத்தாழ 9 மில்லிலிட்டர்தான். ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி அளவு. நமக்குச் சில துளிகளாகத் தோன்றுவது அதற்குப் பேரிழப்பு. மெல்லிய துணியில் பறவையைச் சுற்றிப் பிடித்து, முறிந்த இடத்தில் சமையலறையிலுள்ள சோளமாவைத் தூவி, தூய துணியால் சில நிமிடங்கள் விரலால் அழுத்த வேண்டும். பிடிக்கும்போது மார்பை அழுத்துதல் ஆகாது. பறவைகளுக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. எண்ணெய்ப் பசையுள்ள களிம்புகளும் வேண்டா. அவை இறகுகளைப் பாழாக்கும். முறிந்த இறகை வீட்டில் பிடுங்கி எடுக்க முயலாமல் மருத்துவரிடம் விடுவதே முறை. கசிவு நிற்கவில்லையெனில் அவ்விரவே செல்ல வேண்டும். ஆனால் பல ஊர்களில் கால்நடை மருத்துவர் என்றால் மாடும் நாயும் பார்ப்பவரே. பறவை மருத்துவம் அறிந்தவர் யார், இரவில் அவரைக் காண இயலுமா என்பதை முன்னரே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் கூண்டின் அருகிலேயே எழுதி வைத்தல் நலம்.

வருமுன் காத்தலில் தலையாயது மெல்லிய இரவு விளக்கு. அரை வாட் எல்.இ.டி. விளக்கை நாள்தோறும் பத்து மணி நேரம் எரித்தாலும் மாதத்திற்குக் கால் யூனிட் மின்சாரம்கூட ஆகாது. அதனைக் கூண்டை ஒட்டி வைக்காமல் அறையின் எதிர்ச்சுவரில், தாழ்வாக வைக்க வேண்டும். அருகில் வைத்தால் ஒளியை நாடி அந்துப்பூச்சிகளும், அவற்றை நாடிப் பல்லிகளும் வந்துசேரும். அச்சத்தைப் போக்க வைத்த விளக்கே அச்சத்தை அழைத்து வரும். மின்வெட்டு மிகுந்த ஊர்களில், மின்சாரம் நின்றவுடன் தானே எரியும் மின்கல விளக்கொன்று உடன் இருத்தல் வேண்டும்.

கூண்டை இரவில் துணியால் முழுவதும் மூடும் வழக்கம் பரவலாக உள்ளது. காக்கட்டீலைப் பொறுத்தவரை இது நன்மையைவிடத் தீமையே செய்யும் என்பது எம் கருத்து. முழு இருளும், கோடையில் புழுக்கமும் சேர்ந்துவிடும். மூன்று பக்கங்களை மட்டும் மூடி, அறையை நோக்கிய பக்கத்தைத் திறந்து வைத்தால் சன்னல் ஒளியும் மறைபடும். பறவைக்கு வெளியே என்ன என்பதும் தெரியும். ஊஞ்சலையும் தொங்கும் பொம்மைகளையும் மாலையில் எடுத்துவிடலாம். உறங்கும் கிளையைக் கூரையை ஒட்டி அமைக்காமல் சற்றுத் தாழ்த்தி வைத்தால், எழும்பும்போது தலையில் அடிபடாது. பத்து முதல் பன்னிரண்டு மணி நேர உறக்கம் இதற்குத் தேவை. நள்ளிரவு வரை தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் அது கிடைக்காது. கொசுவர்த்திச் சுருளையும் பூச்சிமருந்துத் தெளிப்பானையும் கூண்டிருக்கும் அறையில் பயன்படுத்தாமல், சன்னலுக்கு வலையடிப்பதே தக்கது. பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது.

தீபாவளி தனியே கருதத்தக்கது. அன்று பட்டாசுக்கு இரவு 8 முதல் 10 மணி வரை என 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வரம்பு விதித்தது. நடைமுறையில் ஓசை எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடியும் என்பதை எல்லோரும் அறிவோம். அந்நாட்களில் தெருவை நோக்காத உள்ளறைக்குக் கூண்டை மாற்றி, சன்னல்களை அடைத்து, விளக்கை எரியவிட்டு, வானொலியை மிதமாக ஒலிக்கச் செய்யலாம். இடமாற்றத்தை அன்று மாலை செய்யாமல் ஒரு வாரம் முன்னரே செய்துவிட வேண்டும். புதிய இடமே புதிய அச்சத்தைத் தரும்.

இவ்வளவும் செய்தும் அச்சம் தொடர்ந்தால், ஒரு சிறு குறிப்பேட்டில் நாளையும் மணியையும் எழுதி வாருங்கள். இரண்டு வாரக் குறிப்பைப் படித்தாலே, ஒவ்வொரு முறையும் அதிகாலை நான்கு மணிக்கு மோட்டார் ஓடும் நேரத்திலோ, கடைசி இரயில் செல்லும் நேரத்திலோ நிகழ்ந்திருப்பது தெரியவரலாம். நேர ஒழுங்கு ஏதும் இன்றி இரவுதோறும் அமைதியற்றிருந்தால் செவ்வுண்ணிகளை ஐயுற வேண்டும். பகலில் கூண்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் வந்து குருதி உறிஞ்சுபவை இவை. மாலையில் கூண்டின் ஒரு பக்கத்தில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, விடியுமுன் அதன் மடிப்புகளைப் பாருங்கள். ஊசிமுனை அளவில் செந்நிறப் புள்ளிகள் நகர்ந்தால், துணியையும் பறவையையும் மருத்துவரிடம் காட்டி, அவர் கூறும் மருந்தைப் பறவைக்கும் கூண்டிற்கும் ஒருசேரப் பயன்படுத்த வேண்டும்.