நிலத்தைக் குத்தகைக்கு எடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

நமது கிராமச் சங்கங்களில் பயிர்க் கடன் கேட்டு மனுச் செய்யும் அங்கத்தினர்களுள் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுவோரும் பலர் உளர். சொந்த நிலம் உடையவருக்குப் பயிர் கெட்டுப்போனால் அவ்வருஷத்து மகசூல் போகிறது, நிலம் மிஞ்சுகிறது. குத்தகைதாரருக்கோ விதை, எரு, கூலி, வீட்டு நகையை ஈடு வைத்து வாங்கிய பணம் ஆகிய யாவும் போவதுடன், நிலக்காரருக்குக் குத்தகைப் பாக்கியும், சங்கத்துக்குக் கடன் பாக்கியும் தலைமேல் நிற்கின்றன. எனவே ஒரு நிலத்தை ஒப்புக்கொள்ளுமுன் கவனிக்க வேண்டிய சில விஷயங்களை, முக்கியமாகக் காவேரி டெல்டாவின் நஞ்சை நிலங்களை உத்தேசித்து, இங்கே எடுத்துக் கூறுகிறோம்.

முதலாவது, நிலத்தை ஒரு முறை மட்டும் பார்ப்பது போதாது. பங்குனி, சித்திரையில் வெடித்துக் கிடக்கும்போது எல்லா வயலும் ஒன்று போலவே காணப்படும். அதே வயலை ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்த்தவருக்கே அது எத்தனை நாள் நீர் தேங்கி நிற்கும், வடிவாய்க்கால் தூர்ந்திருக்கிறதா, மேல்வயற்காரர் வெட்டிவிடும் நீர் எங்கே வந்து விழுகிறது என்பவை தெரியும். மழைக்காலத்தில் பார்க்கச் சந்தர்ப்பம் இல்லையேல், அண்டை வயற்காரரை விசாரித்தறிய வேண்டும். அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளுள் பிரதானமானது, சென்ற வருஷம் அந்நிலத்தைப் பயிரிட்டவர் யார், அவர் ஏன் விட்டார் என்பதே. நல்ல நிலத்தைக் குடியானவர் தாமாக விடுவது அபூர்வம். நான்கு வருஷத்தில் மூன்று குத்தகைதாரர்கள் மாறியிருந்தால், நிலத்திலோ நிலக்காரரிடத்திலோ ஏதோ ஒரு குறை உண்டென்று ஊகிக்கலாம்.

வரப்போரத்தில் வெள்ளை பூத்திருந்தால் உவர் உண்டு. ஐயம் இருப்பின் மண் பரிசோதனைக்கு அனுப்புவது நலம். வயலில் பல இடங்களில், உழவு ஆழமாகிய சுமார் 15 சென்டிமீட்டர் வரை, ஆப்பு வடிவமாகக் குழி வெட்டி, அதன் பக்கத்து மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ அளவு மிஞ்சும்வரை இவ்வாறு செய்து அனுப்ப வேண்டும். எருக்குழி இருந்த இடத்திலும் மர நிழலிலும் மண் எடுக்கலாகாது. களர் நிலத்தை ஜிப்சம் இட்டுச் சீர்திருத்தலாம். ஆனால் அதன் பலன் பின்வரும் வருஷங்களிலும் கிடைப்பதாகையால், ஒரு போகத்துக்கு மட்டும் நிலம் எடுத்தவர் அச்செலவை ஏற்பது பிறர் நிலத்துக்குத் தம் பணத்தை இடுவதாகும்.

அடுத்தது தண்ணீர். மேட்டூர் அணை 1934-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது முதல், ஜூன் 12-ஆம் தேதி பாசனத்துக்கு நீர் விடுவது வழக்கமென்று கொண்டிருக்கிறோம். வழக்கம் வேறு, நடப்பு வேறு. 2020-ஆம் வருஷத்தில் அத்தேதியில் திறந்தபோது, அதற்கு முந்திய எட்டு வருஷங்களில் அவ்வாறு திறக்கப்படவில்லை. 2024-இல் நீர் விட்டது ஜூலை 28-ஆம் தேதி. ஆகவே "இரு போக நிலம்" என்று சொல்லி இரு போகத்துக்குக் குத்தகை பேசினால், குறுவைக்கு ஆற்று நீரின்றி ஆழ்துளைக் கிணற்றில் பயிரேற்ற வசதி உண்டா என்று பார்க்க வேண்டும். மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது, மோட்டார் பழுதுபட்டால் செலவு யாருடையது என்பதையும் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். வாய்க்காலில் தலைமடை நிலத்துக்கும் கடைமடை நிலத்துக்கும் ஒரே குத்தகை கேட்பது நியாயமன்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஏக்கர் சம்பாவில், நல்ல வருஷத்தில் 60 கிலோ மூட்டையாக 28 மூட்டை காணுமென்று வைத்துக்கொள்வோம். உழவு, விதை, நடவு, எரு, களை, அறுவடை ஆகிய செலவு யாவற்றையும் நெல்லாக மதித்தால் 15 மூட்டை என்று கொள்வோம். குத்தகை 9 மூட்டையானால் மிஞ்சுவது 4 மூட்டை. மழையால் மகசூல் 22 மூட்டையாகக் குறைந்தால், அறுவடைச் செலவு சற்றுக் குறைந்து மொத்தச் செலவு 14 ஆனாலும், ஒரு மூட்டை கைநஷ்டம். குத்தகை 7 மூட்டையாக இருந்தால் நல்ல வருஷத்தில் 6 மூட்டையும், குறைந்த வருஷத்தில் ஒரு மூட்டையும் நிற்கும். ஆகவே பேரம் பேசும்போது நல்ல வருஷத்து மகசூலை வைத்துப் பேசாமல், கடந்த ஐந்து வருஷங்களின் சராசரியை வைத்தே பேசுதல் வேண்டும். இக்கணக்கில் பலர் செய்யும் பிழை, தம் வீட்டார் உழைப்பைக் கணக்கிலே சேர்க்காதது. மனைவியும் மகனும் வேறு வயலுக்குப் போயிருந்தால் கூலி வந்திருக்குமல்லவா?

பாதி வாரத்துக்கு எடுப்பவர் பயிர் கெட்டால் நிலக்காரரும் பங்கு கொள்வார் என்ற தைரியம் கொள்வது உண்டு. ஆனால் செலவு முழுவதும் வாரதாரர் தலையில் என்றால், மேற்சொன்ன 22 மூட்டையில் பாதியாகிய 11 போக, 14 மூட்டைச் செலவை 11 மூட்டையைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டியதாகும். எருவிலும் விதையிலும் நிலக்காரர் பங்கு கொடுக்கும் வாரமே வாரம்.

சட்டம் குத்தகைதாரருக்குச் சாதகமாகவே உள்ளது. 1952-இல் தஞ்சை ஜில்லாவுக்கென்று ஒரு சட்டமும், 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டமும் செய்யப்பட்டன. நஞ்சைக்கு ஆதியில் சாதாரண மொத்த மகசூலில் நூற்றுக்கு 40 என்றிருந்த நியாயக் குத்தகை, பின்னர் 25 ஆகக் குறைக்கப்பட்டது. மேலே காட்டிய 28 மூட்டைக்கு 7 மூட்டை என்பது அக்கணக்கே. தாமோ தம் குடும்பத்தாரோ உடலால் உழைத்துப் பயிரிடுபவரே அச்சட்டத்தின்படி சாகுபடிக் குத்தகைதாரர். பாக்கி வைத்தல், நிலத்தைக் கெடுத்தல், வேறு காரியத்துக்கு உபயோகித்தல், நிலக்காரரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் போன்ற காரணங்களின்றி அவரை வெளியேற்றலாகாது. நிலக்காரர் குத்தகையை வாங்க மறுத்தால், வருவாய் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். குத்தகைச் சீட்டு மூன்று பிரதிகள் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஒன்றைத் தாலுகா கச்சேரியில் சேர்க்க வேண்டும். 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டிலும் பெயர் ஏற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவு பாதுகாப்பு இருப்பதாலேயே நிலக்காரர்கள் எழுத்தில் கொடுக்க அஞ்சுகிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஒரு போகத்துக்கென்று வாய்ப்பேச்சாகக் கொடுத்து, ரசீதும் தராமல், மறு வருஷம் வேறு வயலுக்கு மாற்றிவிடுகிறார்கள். எழுத்தில்லாத குத்தகைதாரர் அடங்கலில் தம் பெயர் இல்லாமையால் சங்கக் கடனுக்கும், அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கும், வெள்ள நிவாரணத்துக்கும் நிலக்காரரின் தயவை நாடி நிற்கிறார். 2016 முதல் நடந்துவரும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் சேரலாம். சம்பா நெல்லுக்குக் காப்புத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரையே விவசாயி கட்டவேண்டிய பங்கு. அதற்கும் அடங்கல் நகல் வேண்டும். முன்னாளில் கர்ணம் எழுதிவந்த அடங்கலை, 1980-இல் அப்பதவி நீக்கப்பட்ட பின் கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். பயிர் நிற்கும்போதே அவரை வயலுக்கு அழைத்துக் காட்டிப் பதியச் செய்வது நமது பொறுப்பு. நிலக்காரர் சீட்டு எழுத முற்றிலும் மறுத்தால், குத்தகைப் பணத்தைக் கையில் கொடாமல் பாங்கி மூலமாகவாவது செலுத்துக. நெல்லாக அளந்தால் ஒவ்வொரு முறையும் ரசீது கேட்டு வாங்குக. கேட்பது அவமரியாதை ஆகாது.

ஒத்திக்கு எடுப்பது வேறு விஷயம். அது குத்தகையன்று, அனுபவ அடமானம். மொத்தமாகப் பணம் கொடுத்து நிலத்தை அனுபவிப்பவர், பட்டா யார் பெயரில் இருக்கிறது, அந்நிலத்தின்மேல் பாங்கியிலோ சங்கத்திலோ வேறு கடன் உண்டா என்று வில்லங்கச் சான்று வாங்கிப் பாராமல் ஒரு காசும் கொடுக்கலாகாது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்திக்குப் பதிவு செய்த பத்திரம் அவசியம். வெறும் பாண்டுத் தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர் இருவர் சாட்சியிட்ட ஒத்திகள் நம் பக்கத்தில் எத்தனையோ உண்டு. நிலக்காரர் காலமாகி அவர் பிள்ளைகள் பாகம் பிரிக்கும் வரையில்தான் அவற்றுக்கு மதிப்பு. பாகம் பிரியாத பொதுக் குடும்ப நிலத்தைக் குத்தகைக்கோ ஒத்திக்கோ எடுக்கும்போது, பங்காளிகள் எல்லோருடைய கையொப்பமும் வாங்க வேண்டும்.

கடைசியாக, குத்தகை எந்நாளில் முடிகிறது என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். "சம்பா அறுவடை வரை" என்று மட்டும் எழுதினால் தகராறு வரும். ஏனெனில் தை மாதத்தில் அறுவடைக்கு ஏழு, பத்து நாட்களுக்கு முன்னரே நின்ற பயிரில் உளுந்தும் பயறும் விதைக்கிறோம். நெல் அறுத்தபின் வளரும் அந்த உளுந்து, விதைத்தவருக்கா, நிலக்காரருக்கா? வைக்கோல் யாருக்கு? வரப்பிலுள்ள தென்னையின் காய் யாருக்கு? வெள்ள நிவாரணம் வந்தால் யார் பெயரில் வாங்குவது? இவற்றைச் சீட்டில் தனித்தனி வரியாக எழுதி, எழுதியதை இருவருக்கும் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிட வேண்டும். எழுதத் தெரியாத அங்கத்தினர் சங்கக் காரியதரிசியைக் கொண்டு எழுதுவித்துக்கொள்ளலாம்.