எபிரேயத்தில் ‘ஆனாலும்’

‘மழை பெய்தாலும் கடலுக்குப் போவார்கள்.’ ‘மழை பெய்தாலும் கடலுக்குப் போனார்கள்.’ மணமேல்குடிக் கடற்கரையில் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வாக்கியங்கள் இவை. இரண்டிலும் முன்பாதி எழுத்து மாறாமல் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் மழை வரலாம், வராமலும் போகலாம். இரண்டாவதில் கொட்டித் தீர்த்துவிட்டது. எது என்பதைக் கடைசி வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கிறது.

இவற்றை எபிரேயத்துக்குக் கொண்டுபோகிறவர் அந்தக் கடைசிச் சொல்வரை படித்துவிட்டுத்தான் முதல் சொல்லையே எழுத முடியும். வரக்கூடிய மழைக்கு ‘கம் இம்’. பெய்துவிட்ட மழைக்கு ‘அஃப் அல் பி ஷெ’. இரண்டுமே வாக்கியத்தின் தலையில் நிற்பவை. மழையைப் பெயராக மட்டும் சொல்லி, ‘மழையையும் மீறி’ என்று முடித்துக்கொள்வதானால் ‘லம்ரோத்’ போதும். இதில் ‘கம் இம்’ எனக்கு மிகவும் பிடித்தது. ‘கம்’ என்பது நம்முடைய ‘உம்’. ‘இம்’ என்பது ‘பெய்தால்’ என்பதில் வரும் ‘ஆல்’. உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இரண்டு துண்டுகளைக் கொண்டு ஒரே பொருளைக் கட்டியிருக்கின்றன.

மறுத்துத் திருத்தும் இடம் இன்னொன்று. ‘இது வள்ளம் அல்ல, கட்டுமரம்’ என்பதில் நமக்கு நடுவே இணைப்புச்சொல்லே தேவையில்லை. ஆங்கிலம் அங்கே வழக்கமான ‘பட்’டையே போடும். எபிரேயம் அந்த இடத்துக்கென்றே ‘எலா’ வைத்திருக்கிறது. சாதாரண ‘ஆனால்’ ஆகிய ‘அவல்’ அங்கே பொருந்தாது. ஆங்கிலத்திலிருந்து எபிரேயத்துக்கு வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

இவை பெரும்பாலும் இன்றைய எபிரேயத்தின் வழக்கு. பழைய எபிரேயம் எதிர்நிலையையும் பல நேரம் ஒரே எழுத்தில் அடக்கிவிடும்: சொல்லின் முன்னே ஒட்டும் ‘வெ’. கோட்டைப்பட்டினத்திலும் அம்மாப்பட்டினத்திலும் அரபு ஓதியவர்களுக்கு அதன் உடன்பிறப்பான ‘வ’ பழக்கமானது. எபிரேய ‘வெ’ ஓரிடத்தில் ‘உம்’மா, ‘ஆனால்’ஆ என்பதைச் சூழலும் சொல்வரிசையும்தான் சொல்ல வேண்டும். ‘வெ’யை அடுத்து வினை வராமல் பெயர் வந்தால், எதிர்நிலையாக இருக்கலாம் என்பது ஒரு துப்பு. அது எப்போதும் கைகொடுப்பதில்லை.

இதே கடலோரத்தில் வடக்கே இருக்கும் தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த மதபோதகர் சீகன்பால்கு, இந்தப் பழைய எபிரேயத்தில் அமைந்த பழைய ஏற்பாட்டை ரூத் ஆகமம் வரை தமிழாக்கிவிட்டு 1719இல் மறைந்தார். மிச்சத்தை பெஞ்சமின் சூல்சே முடித்தார். பிறகு சென்னையில் பெப்ரிசியுஸ் முழுவதையும் புதிதாக மொழிபெயர்த்தார். அந்த ‘வெ’யை இவர்கள் ஒவ்வொருவரும் பக்கத்துக்குப் பக்கம் சந்தித்திருப்பார்கள்.

அதே பழைய ஏற்பாட்டில் உள்ள உன்னதப்பாட்டின் முதல் அதிகாரத்தில் ஒரு பெண் தன் கருமையையும் அழகையும் சேர்த்துச் சொல்கிறாள். நடுவில் இருப்பது வெறும் ‘வெ’. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை ‘உம்’ என்றே எடுத்துக்கொண்டது. ஜெரோமின் லத்தீன் ‘ஆனால்’ என்றது. 1611இன் ஆங்கில வேதாகமமும் அப்படியே. தமிழ்நாட்டில் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பும் ‘ஆலும்’ சேர்த்து, கருமையை அழகுக்குத் தடையாக்கியது. 1989இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திருத்தப் பதிப்பு ‘உம்’முக்குத் திரும்பியது. அதுதான் சரி என்பேன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதாக எழுத மூலம் நம்மைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.