ஒரு சிறிய ஊர் செய்த சோதனை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு அருகே நீடம் என்றோர் ஊர் உள்ளது. அங்குள்ள மக்கள் சுமார் 30,000 பேர். 2005ஆம் ஆண்டில் இவ்வூரின் சுகாதாரக் குழு ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 21 வயது நிரம்பாத எவருக்கும் ஊரிலுள்ள கடைகளில் சிகரெட் விற்கக்கூடாது என்பதே அவ்விதி. அந்நாளில் மாநிலச் சட்டப்படி 18 வயது நிரம்பியவர்கள் சிகரெட் வாங்கலாம். பக்கத்து ஊர்களில் அந்தச் சட்டமே நடப்பிலிருந்தது.

“இதனால் என்ன பயன்? நீடத்தில் கிடைக்காவிட்டால் அடுத்த ஊருக்குப் போய் வாங்கிக்கொள்வார்களே!” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண்பதோடு, இத்தகைய விதியைச் செய்யும் அதிகாரம் ஓர் ஊருக்கு உண்டா என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

மூளையில் நடப்பது என்ன?

புகையிலையில் நிகோடின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. புகையை உள்ளிழுத்ததும் நிகோடின் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து, சில விநாடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் போன்ற வேதிப்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றைப் பெற்றுக்கொள்வதற்கென நரம்பணுக்களில் ஏற்பிகள் அமைந்துள்ளன. இந்த ஏற்பியைப் பூட்டு என்று கொண்டால், அசிட்டைல்கோலின் அதற்கு உரிய சாவி. நிகோடின் கள்ளச் சாவி. நிகோடின் அந்தப் பூட்டைத் திறந்ததும் டோப்பமின் என்னும் பொருள் சுரந்து, இதமான உணர்வு உண்டாகிறது.

நிகோடின் மீண்டும் மீண்டும் வரும்போது மூளை தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுகிறது. அதன்பின் நிகோடின் கிடைக்காத வேளையில் எரிச்சலும் அமைதியின்மையும் தோன்றுகின்றன. இதுவே அடிமைத்தனம். மனித மூளை ஏறத்தாழ 25 வயதுவரை வளர்ச்சியடைகிறது. வளரும் மூளையில் இம்மாற்றங்கள் எளிதில் ஊன்றிவிடுகின்றன. அமெரிக்காவில் நாள்தோறும் புகைக்கும் பெரியவர்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர், 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்களே.

சரி, அப்படியானால் 18 வயது வரம்பு போதாதா? அங்கே உயர்நிலைப் பள்ளி இறுதி வகுப்பில் 18 வயது நிரம்பிய மாணவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் கடையில் வாங்கி, அதே பள்ளியில் படிக்கும் 15 வயதுத் தோழனுக்குக் கொடுப்பது எளிது. 21 வயதானவரோ பள்ளியை விட்டுச் சென்று சில ஆண்டுகள் ஆகியிருக்கும். எனவே வரம்பை 21ஆக உயர்த்தினால், 15 முதல் 17 வயதுவரை உள்ளவர்களே மிகுந்த பயன் பெறுவர் என்று 2015இல் அமெரிக்க மருத்துவக் கழக அறிஞர்கள் கணித்துக் கூறினர்.

ஒப்பிட்டுப் பார்த்தபோது

அறிவியலில் ஒரு சோதனை செய்யும்போது, ஒப்பிடுவதற்கென மாற்றம் எதுவும் செய்யாத மற்றொரு பொருளையும் வைத்திருப்போம். ஒரு செடிக்கு உரமிட்டு, அதே வகையான இன்னொரு செடிக்கு உரமிடாமல் வளர்ப்பதில்லையா? நீடத்தில் நிகழ்ந்ததும் அத்தகையதே. நீடம் உரமிட்ட செடி. சுற்றியிருந்த ஊர்கள் உரமிடாத செடிகள்.

நீடத்திலும் அருகிலிருந்த 16 ஊர்களிலும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. “கடந்த 30 நாட்களில் புகைத்ததுண்டா?” என்பது அதில் ஒரு கேள்வி. 2006இல் நீடத்தில் 13 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றனர். 2010இல் அது 7 விழுக்காடாகக் குறைந்தது. மற்ற ஊர்களில் அதே காலத்தில் 15 விழுக்காட்டிலிருந்து 12 ஆகத்தான் குறைந்தது. ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளியாயின.

பக்கத்து ஊர்க் கடை திறந்திருந்தும் பலன் கிடைத்திருக்கிறது! பழக்கத்திற்கு அடிமையானவர் பல கல் தொலைவு சென்றும் வாங்குவார். விளையாட்டாக முதன்முறை முயன்று பார்க்கும் சிறுவனுக்கோ சிறு தடையும் பெரிய தடைதான். எனினும் ஓர் எச்சரிக்கை. ஒரே ஓர் ஊரின் கணக்கை வைத்து எல்லாம் விதியின் விளைவே என்று முடிவு கட்டிவிட முடியாது. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால் பிற ஊர்களும் முயன்று பார்க்க அக்கணக்கு போதுமானதாக இருந்தது.

கீழ்வரம்பா, உச்சவரம்பா?

இனி அதிகாரத்தைப் பற்றிப் பார்ப்போம். அமெரிக்க அரசியல் சட்டம் மத்திய அரசைப் பற்றியும் மாநிலங்களைப் பற்றியும் கூறுகிறது. நகரங்களைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. ஒரு நகரத்திற்கு எவ்வளவு அதிகாரம் என்பதை அந்தந்த மாநிலத்தின் அரசியல் சட்டமும் பிற சட்டங்களுமே வரையறுக்கின்றன.

மாநிலச் சட்டம் இருவகையாக அமையலாம். “குறைந்தது இவ்வளவு கட்டுப்பாடு வேண்டும், ஊர்கள் விரும்பினால் மேலும் கடுமையாக்கலாம்” என்பது ஒரு வகை. இது கீழ்வரம்பு. “இதற்கு மேல் எந்த ஊரும் விதி செய்யக்கூடாது” என்பது மற்றொரு வகை. இது உச்சவரம்பு. மாசசூசெட்ஸில் ஊர்ச் சுகாதாரக் குழுக்கள் தக்க விதிகள் செய்ய மாநிலச் சட்டமே இடமளித்திருந்தது. அதனால்தான் நீடத்தின் சோதனை நடக்க முடிந்தது.

ஓஹையோ மாநிலத்தில் கதை வேறு. அங்கு எழுந்த வழக்கில் மின்சிகரெட்டும் சேர்ந்துகொண்டது. மின்சிகரெட்டில் ஒரு மின்கலம் சிறு கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது; நிகோடின் கலந்த திரவம் நுண்துளிகளாக மாறி மூச்சுடன் உள்ளே செல்கிறது. பழச் சுவை, மிட்டாய்ச் சுவை எனப் பல சுவைகளில் இது விற்கப்பட்டது. நம் நாட்டில் 2019இல் இயற்றிய சட்டம் மின்சிகரெட்டை முற்றிலும் தடை செய்துவிட்டது. அமெரிக்காவிலோ 2017இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 11.7 விழுக்காட்டினர் இதைப் பயன்படுத்தினர். இரண்டே ஆண்டுகளில் அது 27.5 விழுக்காடாயிற்று.

ஆகவே ஓஹையோவின் தலைநகரான கொலம்பஸ், சுவையூட்டிய புகையிலைப் பொருள்களையும் மின்சிகரெட்டுகளையும் 2024 ஜனவரி முதல் விற்கக்கூடாது என்று 2022 டிசம்பரில் தீர்மானித்தது. அதே மாதத்தில் மாநிலச் சட்டமன்றம், நகரங்கள் இத்தகைய விதிகள் செய்வதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் மைக் டிவைன் 2023இல் இருமுறை அதற்கு ஒப்புதல் மறுத்தார். 2024 ஜனவரியில் சட்டமன்றம் அவருடைய மறுப்பையும் மீறிச் சட்டத்தை உறுதி செய்தது.

சட்டமன்றத்தின் பக்கமும் ஒரு வாதம் இருந்தது. ஊருக்கு ஊர் விதி மாறினால், பல ஊர்களில் கடை நடத்துபவருக்குக் குழப்பம். விற்பனை பக்கத்து ஊருக்கு நகர்ந்துவிடும். மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி இருப்பதே முறை என்றனர். நகரங்களோ, ஓஹையோவின் அரசியல் சட்டத்தில் 1912இல் சேர்க்கப்பட்ட தன்னாட்சி உரிமையை எடுத்துக்காட்டி வழக்குத் தொடுத்தன. 2024இல் மாவட்ட நீதிமன்றம் நகரங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது.

அதே ஆண்டு மாசசூசெட்ஸில் வேறொரு தீர்ப்பும் வந்தது. புரூக்லைன் என்னும் ஊர், 2000 ஜனவரி 1ஆம் தேதியிலோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்கு எந்நாளும் புகையிலை விற்கக்கூடாது என்று விதி செய்திருந்தது. 2021இல் இவ்விதி நடைமுறைக்கு வந்தபோது 21 வயதினருக்குத் தடை. 2030இல் 30 வயதினருக்கும் தடை. ஆண்டுதோறும் வரம்பு ஒவ்வொரு வயதாக உயரும்! கடைக்காரர்கள் வழக்குத் தொடுத்தனர். இவ்விதி மாநிலச் சட்டத்துடன் முரண்படவில்லை என்று 2024 மார்ச்சில் மாநில உச்சநீதிமன்றம் கூறியது.

சோதனை சென்ற தொலைவு

நீடத்தில் தொடங்கிய விதி அங்கேயே நின்றுவிடவில்லை. 2013இல் நியூயார்க் நகரம் அதை ஏற்றது. 2015இல் ஹவாய் முதல் மாநிலமாக ஏற்றது. 2019 டிசம்பரில் அமெரிக்கா முழுவதற்கும் வயது வரம்பு 21 ஆயிற்று. ஓர் ஊர் தொடங்கியதை நாடே மேற்கொள்ள 14 ஆண்டுகள் பிடித்தன.

ஊருக்கு ஊர் விதி வேறுபடுவது வணிகருக்குத் தொல்லையாக இருக்கலாம். ஆனால் அந்த வேறுபாடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது. 2005இல் மாசசூசெட்ஸ் மாநிலம் 18 வயதை உச்சவரம்பாக வைத்திருந்தால், 13 விழுக்காடு 7 ஆகக் குறைந்த அந்தக் கணக்கு யாருக்கும் கிடைத்திராது.