அல்-ஜவ்ஹரீ: மணிகளைத் தேர்ந்த பயிற்சியாளர்

'ஜவ்ஹர்' என்னும் அரபுச் சொல் மணியைக் குறிக்கும். 'ஜவ்ஹரீ' என்பார் மணிவணிகர். எகிப்தியர் இதனைக் 'கோஹரி' என ஒலிப்பர். அப்பெயர் தாங்கிய மஹ்மூத் அல்-ஜவ்ஹரீ (1938–2012) அரபுலகக் கால்பந்து வரலாற்றில் தனியிடம் பெற்றவர்.

1959இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆப்பிரிக்கக் கோப்பையில் எத்தியோப்பியாவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்து, அத்தொடரில் மிகுதியான கோல்களுக்கு உரியவரானார். அந்நாளில் ஐக்கிய அரபுக் குடியரசு எனப்பட்ட எகிப்தே கோப்பையை வென்றது. எனினும், முழங்கால் காயம் அவரது ஆட்ட வாழ்வை இளமையிலேயே முடித்துவைத்தது. இராணுவ அதிகாரியாகவும் விளங்கிய அவர், பின்னர்ப் பயிற்சித் துறையில் கால்பதித்தார். தீராப் போட்டியாளர்களான அல்-அஹ்லீ (1982), ஸமாலிக் (1993) ஆகிய இரு கழகங்களையுமே ஆப்பிரிக்க வாகையராக்கினார்.

1934க்குப் பின் 56 ஆண்டுகள் கழித்து, 1990இல் எகிப்தை உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றவர் அவரே. அங்கு ஐரோப்பிய வாகையரான நெதர்லாந்துடன் 1–1 எனச் சமன் செய்தது எகிப்து. அயர்லாந்துடனான 0–0 ஆட்டமோ, அளவுகடந்த தற்காப்பு எனும் கண்டனத்துக்கு ஆளாயிற்று. இங்கிலாந்திடம் 0–1 எனத் தோற்று அணி வெளியேறியது. அதே ஆண்டு நட்பாட்டமொன்றில் கிரீஸிடம் 1–6 எனத் தோற்றதும் பதவியை இழந்தார்.

தற்காப்பைக் கோழைமை எனக் கொள்வது முறையாகுமா? வலிமை குன்றிய அணிக்குத் தன் அளவறிந்து ஆடுதலும் ஓர் அறிவே என்பது நம் கருத்து. ஆயினும், பார்ப்போருக்கு அது சலிப்பூட்டியது என்பதையும் மறுப்பதற்கில்லை. காப்பாளரிடம் பந்தைத் திருப்பியளித்துக் காலங்கடத்தும் ஆட்டமுறை அத்தொடரில் மலிந்திருந்தது; காலால் திருப்பியளிக்கப்பட்ட பந்தைக் காப்பாளர் கையாள்வதை 1992இல் வந்த விதி தடுத்தது.

மீண்டும் பொறுப்பேற்ற ஜவ்ஹரீ, 1998இல் புர்கினா ஃபாஸோவில் தென்னாப்பிரிக்காவை 2–0 என வென்று கோப்பையைக் கொணர்ந்தார். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அக்கோப்பையை வென்ற முதல் மனிதர் அவரே. 2013இல் நைஜீரியாவின் ஸ்டீபன் கெஷி இரண்டாமவரானார்.

பின்னர் ஜோர்தான் அணியை ஏற்று, 2004இல் முதன்முறையாக ஆசியக் கோப்பையில் களமிறக்கினார். கால் இறுதியில் ஜப்பானிடம் பெனால்ட்டி உதைகளிலேயே அவ்வணி வீழ்ந்தது. 2012இல் அம்மானிலேயே அவர் உயிர் பிரிந்தது. பிறந்த மண்ணுக்கு மட்டுமன்றி, ஏற்ற மண்ணுக்கும் தம் அறிவை அமானிதமாக ஒப்படைத்த வாழ்வு அது.