உப்புக் காற்றும் தகரப் புகைவண்டியும்

இலங்கையின் வரண்ட பகுதிகளைப் பற்றிப் பேசுவோர் மன்னாரை முதல் வரிசையிலே வைப்பது வழக்கம். வருஷத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து ஓய்ந்துவிட, எஞ்சிய மாதங்களிலே பனையும் உடைமரமும் பள்ளிமுனையிலுள்ள முதிய பெருக்கமரமும் மாத்திரம் சலியாது நிற்கும் இம்மணற்பூமியில் ஈரத்துக்கு இடமே இல்லையென்று புதிதாக வருபவர் எண்ணினால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதே மன்னாரில்தான் கதவின் கீலும், துவிச்சக்கர வண்டியின் சங்கிலியும், கூரைத் தகரமும், மழைக்குப் பஞ்சமில்லாத மலைநாட்டிலே பிடிப்பதைக் காட்டிலும் வெகு விரைவாகக் கறள் பிடித்துப் போகின்றன.

கடல்நீரிலே கரைந்திருக்கும் உப்புகளின் குணபேதமே இதற்குக் காரணம். சோளகக் காற்று பலமாக வீசும் மாதங்களில் அலைகளின் நுனியிலிருந்து சிதறி எழும் நுண்துளிகள், வழியிலேயே நீரை இழந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகி, வீட்டின் மூலை முடுக்குகளிலெல்லாம் வந்து படிகின்றன. அத்துகள்களிற் பெரும்பங்கு நாம் உண்ணும் உப்பாகிய சோடியங் குளோரைட்டு; காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவை எட்டினாலன்றி அது தானாக நீரை உறிஞ்சிக் கரைவதில்லை. ஆனால் அதனுடன் கலந்து வரும் மகனீசியங் குளோரைட்டோ 33 அளவிலேயே நீரை இழுத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். உப்பளத்திலே உப்பு விளைந்த பின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீர் எத்தனை வெயிலிலும் இலேசில் வற்றாமைக்கு இந்த உப்பே முக்கிய ஹேது. கடலோரத்துக் காற்றின் ஈரப்பதன் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகையால் மழையே இல்லாத ஆவணி மாதத்து நண்பகலிலும் உப்புப் படிந்த இரும்பின் மேற்பரப்பு மெல்லிய நீர்ப்படலம் ஒன்றினால் நனைந்தே இருக்கிறது.

தகரத்தினாற் செய்த பழைய விளையாட்டுப் புகைவண்டிகளைச் சேகரித்துச் செப்பனிட்டு ஓட்ட விரும்புவோர், முக்கியமாக நம் கரையோரத்தில் வசிப்போர், முதலில் அறிந்திருக்க வேண்டியது இதுவே. அப்பொம்மைகளுக்கு வயோதிபத்தினால் உண்டாகும் கேடு சொற்பம். உப்பினால் உண்டாகும் கேடு மிகப் பெரிது. வயதை நாம் தடுக்க இயலாது. உப்பைத் தடுக்க இயலும்.

தகரம் என்று நாம் வழங்குவது தனி உலோகம் அன்று. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள உருக்குத் தகட்டின் இரு புறமும் சில மைக்ரோன் கனத்துக்கு வெள்ளீயம் பூசியதே அது. வெள்ளீயம் மென்மையானது, நச்சற்றது, காற்றிலே பளபளப்புக் குன்றாதது. ஆகவே பொம்மைத் தொழிலாளருக்கு அது மிகவும் உகந்த பொருளாயிற்று. அந்த வெள்ளீயத்தோடு நமக்கும் ஒரு பூர்வ சம்பந்தம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்து வெள்ளீயத்தில் ஏறக்குறையப் பாதியைத் தந்த நாடு மலாயா. அங்கே தைப்பிங் சுரங்கப் பிரதேசத்திலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு வெள்ளீயத்தை ஏற்றிச் செல்வதற்காக 1885இல் திறக்கப்பட்ட அந்நாட்டின் முதற் புகையிரதப் பாதையை அமைத்தவர்கள், இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பயனியர் படையினர்; பின்னாளில் மலாயாப் புகையிரத நிலையங்களில் நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர் பெருந்தொகையாகப் பணி புரிந்தனர். ஜேர்மனியின் நூரம்பெர்க் நகரிலோ இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலோ செய்யப்பட்ட ஒரு சிறுவனின் புகைவண்டியில், நம்மவர் பயணச்சீட்டு எழுதிய வண்டியில் வந்த வெள்ளீயம் சிறிது சேர்ந்திருத்தல் கூடும் என்று நினைக்கும்போது எனக்கு அந்தப் பொம்மைகளின் மேல் ஒரு தனிப் பிரீதி உண்டாகிறது.

இனி அந்தப் பூச்சு எவ்விதம் தகட்டைக் காக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை நோக்குவோம். கூரைக்கு இடும் நாகத் தகட்டில் உள்ள துத்தநாகம் இரும்பைவிட எளிதில் அரிபடுவது. கீறல் விழுந்தாலும் அது தன்னை முதலில் அழித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். வெள்ளீயத்தின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. காற்றும் ஈரமும் உள்ள வெளிப்புறத்தில் இரும்பே எளிதில் அரிபடும் உலோகமாகவும், வெள்ளீயம் அதற்கு எதிர்முனையாகவும் அமைந்துவிடுவதால், பூச்சு முழுமையாக இருக்கும் வரையில் அது நல்ல கவசம். ஒரு நகக்கீறல் விழுந்துவிட்டாலோ, பூச்சே இல்லாத இரும்பைவிடத் தீவிரமாக அவ்விடத்துக் கறள் ஆழ இறங்கும். ரின்மீன் அடைத்துவரும் டப்பாவின் உட்புறத்தில் மாத்திரம், காற்றில்லாத புளிப்புச் சாற்றிலே வெள்ளீயம் தானே முன்வந்து கரைந்து இரும்பைக் காக்கிறது. ஒரே தகடு உள்ளே ஒரு தர்மத்தையும் வெளியே மற்றொரு தர்மத்தையும் அனுசரிப்பது மின்னிரசாயனத்தின் விந்தைகளுள் ஒன்று.

ஆகவே தகரப் புகைவண்டியின் ஆயுள் அதன் மேற்பூச்சிலேயே தங்கியிருக்கிறது. அந்தப் பூச்சு இரு விதமானது. ஜேர்மனியில் 1859இல் பொம்மை அடுக்களைப் பாத்திரங்களுடன் தொழிலைத் தொடங்கிய மெர்க்லின் நிறுவனத்தார், ஆரம்ப காலத்து வண்டிகளைப் பற்றவைத்துப் பொருத்திக் கையாலேயே வர்ணம் தீட்டினர். மலிவான வண்டிகளுக்கோ அச்சு முறையே கைகொடுத்தது. இங்கிலாந்திலே ராபர்ட் பார்க்லே என்பவர் 1875இல் உரிமம் பெற்ற முறைப்படி, கல்லில் எழுதிய சித்திரத்தை ஓர் உருளை முதலில் தன்மேல் வாங்கி, பின்பு தகட்டின் மேல் பதிக்கும். கடினமான கல் கடினமான தகட்டை நேரே தொடாததால் நுண்ணிய கோடுகளும் சிதையாமல் விழும். தகடு தட்டையாக இருக்கும்போதே ஜன்னல், ஆணி, கதவின் கைபிடி, சிற்சில வண்டிகளில் ஜன்னலருகே அமர்ந்த பிரயாணிகள் முதலிய அனைத்தையும் அச்சிட்டு, அதன் பிறகே வெட்டி வளைத்து, ஓரத்து நாக்குகளைத் துளைகளிற் செருகி மடித்து முடிப்பார்கள். இவ்வித வண்டியை இன்று யாரேனும் புதுவர்ணம் பூசி மினுக்கினால், தூரிகையால் எவராலும் மீண்டும் எழுத முடியாத அந்தச் சித்திரம் நிரந்தரமாக மறைந்துபோகும். கையால் வர்ணம் தீட்டிய வண்டிகளிலே உதிர்ந்த இடத்தைச் செம்மைப்படுத்துவதற்காவது நியாயம் உண்டு. அச்சிட்ட தகட்டின் மேல் வர்ணம் பூசுவது அதை அழிப்பதேயன்றி வேறில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அப்படியாயின் செப்பனிடுதல் என்பது யாது? முதலில் உப்பை அகற்றுதல். பலரும் எடுத்த எடுப்பிலே எண்ணெய் தடவிவிடுகிறார்கள். எண்ணெயில் உப்புக் கரையாது, ஆதலால் அது கறளுக்கு வேண்டிய உப்பை உள்ளே வைத்து மூடிவிடுகிறது. காய்ச்சி வடித்த நீரிலே சிறிது நனைத்த பஞ்சினால், கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்தில் முதலிற் பரீட்சித்து, வர்ணம் கலையாது என்று நிச்சயித்த பின்பு, சிறிது சிறிதாக ஒற்றி எடுத்து உடனுக்குடன் உலர்த்த வேண்டும். உதிரும் கறளை மெல்ல நீக்கியபின், தகட்டோடு ஒட்டி நிற்கும் கறளுக்குத் தனின் என்னும் துவர்ப்புப் பொருளின் கரைசலைப் பூசுவது அரும்பொருட்சாலைகளில் அனுசரிக்கப்படும் முறை. அது கறளுடன் கூடி, கருநீலமான, எளிதிற் கரையாத ஒரு படலமாக மாறிவிடுகிறது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோருக்கும், பருத்தி வலைகளுக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றிய நம் கடற்றொழிலாளருக்கும் இந்தத் துவர்ப்பின் சக்தி புதிதன்று. ஈற்றில் மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று போதும். பழைய வர்ணத்திலும் பற்றாசிலும் ஈயம் இருப்பதால், உப்புத்தாள் கொண்டு தேய்த்துத் தூசி எழுப்புவதும், அப்பொம்மையைச் சிறு குழந்தையின் வாய்க்கு எட்டும்படி வைப்பதும் ஆபத்து.

ஒரு வியாதிக்கு மாத்திரம் சிகிச்சை இல்லை. 1930களில் சக்கரங்களையும் சில பாகங்களையும் துத்தநாகக் கலவையில் வார்க்கத் தொடங்கியபோது, அக்கலவையிலே அணுவளவு ஈயம் கலந்துவிட்ட இடங்களில், உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஊடுருவி, வருஷங்கள் செல்லச் செல்ல வார்ப்பு ஊதிப் பெருத்து, வெடித்து, தூளாகிவிடும். வெப்பமும் ஈரமும் இதைத் துரிதப்படுத்துவதால் நம் கரையில் இது தீவிரமாகவே இருக்கும். அந்தப் பாகத்தை மாற்றுவதே வழி. மாறாக, குளிர் நாட்டாரை அச்சுறுத்தும் வெள்ளீயக் கொள்ளை, அதாவது 13 பாகை சென்றிகிரேட்டுக்குக் கீழே வெள்ளீயம் சாம்பல் நிறத் தூளாக மாறும் நோய், மன்னாரை எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஓடாத வண்டியைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு திருப்தி கிடையாது. அதன் உள்ளே இருக்கும் சாஸ்திரம் அது ஓடும்போதுதான் வெளிப்படுகிறது. சாவியால் முறுக்கும் உருக்கு நாடா தன்னுள் சேமித்த சக்தியைப் பற்சக்கரங்களின் வழியே அச்சுக்குக் கொடுக்கிறது. முறுக்கு நிறைந்திருக்கும் தொடக்கத்தில் விசை அதிகமாகவும், தளரத் தளரக் குறைவாகவும் இருக்குமாகையால், உயர்ந்த வண்டிகளில் வேகத்தை மட்டுப்படுத்தும் ஒரு கருவியையும் வைத்தார்கள். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் பித்தளைப் பற்களில் நாளடைவில் புளித்துப் பிசினாகிப் பச்சைக் களிம்பை உண்டாக்கும். தையல் இயந்திரத்துக்கு இடும் தெளிந்த எண்ணெயில் ஒரு துளியே போதும். தண்டவாளத்தில் வைக்காமல் வெறுமனே சுழலவிட்டால் பாரமின்றி ஓடும் வேகத்தில் பற்கள் முறியும். சுருள்வில்லின் உறையைத் திறந்தால் அது சீறிப் பாய்ந்து கையைக் கிழிக்கும்.

மின்சார வண்டிகளுக்கு நடுவே மூன்றாவது தண்டவாளம் ஏன் என்று கேட்பவர் உண்டு. சக்கரமும் அச்சும் முழுவதும் உலோகமாகையால், இரண்டு தண்டவாளங்களுக்கு மாத்திரம் மின்சாரம் கொடுத்தால் வண்டியே இரண்டையும் இணைத்து மின்சுற்றைக் குறுக்கிவிடும். நடுத் தண்டவாளத்தால் ஒரு முனையும் ஓரத் தண்டவாளங்களால் மறுமுனையும் வரும்போது அந்தச் சங்கடம் நீங்குகிறது. இங்கிலாந்துப் பொம்மை உற்பத்தியாளரான பிராங்க் ஹோர்ன்பி 1920இல் முதலிற் சாவி வண்டிகளையே வெளியிட்டார். 1925இல் அவர் விற்ற முதல் மின்சார வண்டி வீட்டு மின்சாரத்தையே ஒரு விளக்கின் வழியாகக் குறைத்து எடுத்துக்கொண்டது. அவ்வித பழைய வண்டி எவர் கையிலேனும் கிடைத்தால், அதை ஒருபோதும் மின்சாரத்தில் இணைக்கலாகாது.

தலைமன்னார்ப் பாதையைப் பொம்மையாக அமைக்க விரும்புவோருக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. மெர்க்லின் நிறுவனத்தார் 1891இல் லைப்சிக் சந்தையிலே தண்டவாளங்களின் அகலங்களுக்கு இலக்கமிட்டு ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினர். பிறகு மிகப் பரவியது 32 மில்லிமீட்டர் அகலமுள்ள பூச்சிய இலக்கப் பாதை. அது ஐரோப்பியப் பாதையை ஏறக்குறைய நாற்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. ஆனால் 1914இல் இந்திய-இலங்கைப் படகுத் தபால் சேவை தொடங்கியபோது, தலைமன்னார்த் துறையில் நின்ற இலங்கை வண்டியின் பாதை 1676 மில்லிமீட்டர் அகலம். எதிர்க்கரையில் தனுஷ்கோடியிலே நின்ற தென்னிந்தியப் புகையிரதத்தின் பாதையோ 1000 மில்லிமீட்டர். அதே அளவிற் சுருக்கினால் ஒன்றுக்கு ஏறக்குறைய முப்பத்தேழு, மற்றொன்றுக்கு ஏறக்குறைய இருபத்திரண்டு மில்லிமீட்டர் பாதை வேண்டும். இரு கரைகளையும் ஒரே தகரத் தண்டவாளத்தில் உண்மை அளவுப்படி இணைக்க இயலாது. கடலிடைக் கப்பல் இல்லாமல் நிஜப் புகைவண்டிகளாலும் இயலவில்லை.

அந்த நிஜப் பாதையின் வரலாற்றை நம்மூரார் அறிவர். 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. யுத்தத்தால் 1990இல் தலைமன்னார்ப் பாதை நின்றது. முற்றிலும் புதிதாகத் தண்டவாளம் இட்டு 2015 பங்குனியில் அது மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட இருபத்தைந்து வருஷத்தில் பிறந்து வளர்ந்த மன்னார்ப் பிள்ளைகள் சொந்த ஊரிலே ஒரு கோச்சியைக் காணாமலே பெரியவர்களானார்கள்.

கடுகண்ணாவையில் 2014இல் புகையிரத நூதனசாலை ஒன்று அமைந்தது; ஆனால் மன்னாரிலிருந்து அது வெகு தூரம். பழைய தகர வண்டி ஒன்று, கரையோரத்து எந்த வீட்டின் பரணிலேனும், கறள் பிடித்து, சாவி தொலைந்த நிலையிலேனும் கிடக்குமானால், வீட்டார் அதைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டாம். வர்ணம் பூசவும் வேண்டாம். உப்பை ஒற்றி எடுத்து உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக மூடிய கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். மணிகள் நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடுங்கள். மன்னார்ப் புகையிரத நிலையத்திலேயே அத்தகைய பேழை ஒன்றுக்கு இடம் ஒதுக்குமாறு புகையிரதத் திணைக்களத்தாரையும் நகரசபையாரையும் வேண்டிக்கொள்கிறேன்.